இறுகிப்போன இன்ஜினை எடைக்குப் போடுவதற்கு முன்



சென்ற மூன்று மாதங்களில் நமது அறக்கட்டளைக்கு வந்த தொழில் உதவி மனுக்களில் நான்கு ஏறக்குறைய ஒரே வாசகத்தில் இருந்தன. "வீட்டில் இருந்த பழைய இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. புதிதாக வாங்கித் தந்து உதவ வேண்டும்." ஒன்று தண்ணீர் இறைக்கும் பம்பு செட். இரண்டு, வாடகைக்கு விடும் சிறிய ஜெனரேட்டர்கள். மற்றொன்று தோப்பில் மருந்து தெளிக்கும் இன்ஜின்.

நிர்வாகக் குழுவில் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்ஜின்களை நேரில் பார்த்துவிடலாம் என்று நானும், கடைத்தெருவில் முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கும் நமது மெக்கானிக் காக்காவும் கிளம்பினோம். தெளிப்பான் இன்ஜின் வீட்டில் இல்லை. மனுக் கொடுத்த மறுநாளே காயலான் கடைக்குப் போய்விட்டது. (பழைய இரும்பு வியாபாரத்தில் காயல்பட்டினத்தார் முன்னோடிகளாக இருந்ததால்தான் அந்தக் கடைக்கு அந்தப் பெயர் என்பார்கள்.) மற்ற மூன்றும் இருந்தன. அவற்றைப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த ஊரில் கொல்லைப்புறத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் சாக்குப் போட்டு மூடிய இன்ஜின் இல்லாத தெருவே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் அல்லவா? அப்போது தெருத்தெருவாக ஓடி, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்த இன்ஜின்கள்தான் இவை. மின்சாரம் வந்ததும் அப்படியே ஓரம் கட்டினோம். ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்த பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பழைய இன்ஜின்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. கல்லூரியில் இயற்பியல் படித்ததோடு சரி. ஆனால் இறுகிய இன்ஜினை எப்படிக் கெடுப்பது என்பதில் அனுபவம் உண்டு. கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, தோட்டத்தில் நின்றுபோயிருந்த வாப்பாவின் பம்பு இன்ஜினை ஒரே மதியத்தில் சரிசெய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஓர் இரும்புக் கம்பியை விட்டு, சுத்தியலால் பிஸ்டனை அடித்தேன். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ, கம்பி 'சடக்' என்று உள்ளே இறங்கியது. பிஸ்டன் நகர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தது. வாப்பா திட்டவில்லை. "ஒரு வாரம் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் போதும், நேற்றே வாங்கி வைத்தேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

இன்ஜின் இறுகுவதால் உண்டாகும் சேதத்தைவிட, அதைத் திறக்க முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் அவசரத்தால் உண்டாகும் சேதம் அதிகம். அந்தக் குடும்பங்களில் நாங்கள் பார்த்ததும் அதுதான். மூன்று இன்ஜினில் இரண்டில் கயிறு அறுந்திருந்தது. ஒன்றில் மேக்னட் வீலின் இறக்கைகள் இரண்டு உடைந்திருந்தன. திருப்புளியைக் கொடுத்து நெம்பியிருக்கிறார்கள்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான பழைய சிறிய இன்ஜின்களில் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அலுமினியம். பிஸ்டனைச் சுற்றி வளையம் போட்டாற்போல் இருக்கும் ரிங்குகள் மீண்டும் வார்ப்பிரும்பு. இன்ஜின் ஓடும்போது இவற்றுக்கு நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். நம்முடையது கடற்கரை ஊர். இன்ஜின் நின்ற நேரத்தில் இரண்டு வால்வுகளில் ஒன்று திறந்திருந்தால், சைலன்சர் வழியாகவோ கார்பரேட்டர் வழியாகவோ உப்புக் காற்று நேராகச் சிலிண்டருக்குள் போய் வரும். ரிங்கு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடிக்கும். இரும்பு துருவாக மாறினால் முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். தலைமுடி அளவு இடைவெளியில் அது ஊறிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம். இன்ஜின் முழுவதும் கெட்டுப்போகவில்லை. ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான வளையத்தில் மட்டும் பிடித்திருக்கிறது.

ஆனால் 'ஜாம்' என்று சொல்லப்படுவதெல்லாம் இதுவல்ல. முதலில் நாங்கள் பார்த்த ஜெனரேட்டரில் இன்ஜின் இறுகவே இல்லை! கயிற்றை இழுக்கும் மூடிக்குள் இருக்கும் சுருள் கம்பி பிசகி, கொக்கி மாட்டிக்கொண்டிருந்தது. மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்ததும் வீல் கையால் சுற்றியது. அந்தச் சகோதரருக்கு முகத்தில் சந்தோஷம் ஒரு பக்கம், இரண்டு வருட வாடகை போச்சே என்ற வருத்தம் ஒரு பக்கம். பம்பு செட்டாக இருந்தால் தண்ணீர் தள்ளும் சக்கரம் அதன் கூட்டோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இன்ஜின் நன்றாகவே இருக்கும். ஆகவே எதற்கும் முன்னால் கயிற்று மூடியைக் கழற்றுங்கள். பம்பை இன்ஜினிலிருந்து பிரித்துப் பாருங்கள். அதன் பிறகும் வீல் அசையாவிட்டால்தான் இன்ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அடுத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பல இன்ஜின்களுக்கு 21 எண் பிளக் ஸ்பேனர் பொருந்தும். பிளக்கே இறுகியிருந்தால் அதைச் சுற்றி எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஹெட் அலுமினியம், வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை பிய்ந்து வந்துவிடும். பிளக் வெளியே வந்ததும் சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். வெள்ளத் தண்ணீரோ, கார்பரேட்டரில் ஊசி அடைக்காமல் கசிந்த பெட்ரோலோ சிலிண்டருக்குள் நிறைந்திருந்தால், பிஸ்டன் மேலே வர முடியாமல் பூட்டியது போல நிற்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிளக்கை எடுத்துவிட்டு வீலைச் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும். அப்போது ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜின் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய இன்ஜினை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று கயிறு இழுத்துப் பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, கீழே உள்ள எண்ணெயையும் வடித்து, சிலிண்டரில் புதிய எண்ணெய் கொஞ்சம் விட வேண்டும். அதையும் அன்றே செய்ய வேண்டும். பத்து நாள் கழித்து வந்தால் அதே இன்ஜின் துருவால் பிடித்திருக்கும். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஒரு தரம் மாற்றினால் போதாது. கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள்.

இப்போது உண்மையாகவே துருவால் பிடித்த இன்ஜினுக்கு வருவோம். அது ஒரு ராத்தாவின் பம்பு செட். அவருடைய கணவர் மர்ஹூமாகி ஐந்து வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை குத்தகைத் தோட்டத்துக்கு அதில்தான் தண்ணீர் இறைத்தார். இப்போது மூத்த மகன் படிப்பை முடித்துவிட்டு அதே தோட்டத்தில் கீரை போட நினைக்கிறான். எடைக்குப் போட்டால் கிடைக்கும் பணம் ஒரு மாதச் சாமானுக்குக் காணாது. ராத்தாவுக்கோ அதை விற்கவும் மனமில்லை. "அவங்க கை பட்ட சாமான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

காக்கா முதலில் டார்ச் அடித்துப் பிளக் ஓட்டை வழியாகப் பார்த்தார். பிஸ்டன் பாதி உயரத்தில் நின்றிருந்தது. "நல்ல இடம்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியது இது: பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டால், மேலிருந்து எவ்வளவு தள்ளினாலும் அந்த விசை கனெக்டிங் ராடு வழியாக நேராகக் கிராங்கின் மையத்துக்குப் போகும், கிராங்க் சுற்றாது, ராடுதான் வளையும். சைக்கிள் பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது அதன் மேல் ஏறி நின்றாலும் சைக்கிள் நகராது அல்லவா, அதே கதை. நடுவில் நின்றால் தள்ளுகிற விசை சுற்றும் விசையாக மாறும்.

பிறகு இன்ஜினைச் சாய்த்து, பிளக் ஓட்டை நேர் மேலே வரும்படி செங்கல் முட்டுக் கொடுத்தார். சிறிய இன்ஜின்களில் சிலிண்டர் செங்குத்தாக இருப்பதில்லை, சரிந்திருக்கும். அப்படியே எண்ணெய் விட்டால் ஒரு பக்கம் மட்டும் நனைந்து மேல் பக்கத்து ரிங்கு காய்ந்தே கிடக்கும். பலர் "நானும் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

என்ன எண்ணெய்? கெட்டியான எண்ணெய் அந்த இடுக்கில் நுழையாது. மெல்லியதாக இருக்க வேண்டும். அதே சமயம் வழுக்கலும் வேண்டும். டீசலில் பாதிக்குப் பாதி இன்ஜின் ஆயில் கலந்து விடுவது நம் பக்கத்து வழக்கம். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலப்பது இன்னும் ஆழமாக ஊடுருவும் என்பது பழைய இன்ஜின்களைப் புதுப்பிப்பவர்களின் அனுபவம். ஆனால் இரண்டும் தனித்தனியாகப் பிரியும், குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். அதன் ஆவிக்குப் பக்கத்தில் பீடி, அடுப்பு, குழந்தைகள் எதுவும் கூடாது. கடையில் கிடைக்கும் ஸ்பிரே டப்பாவும் பரவாயில்லை, விலைதான் அதிகம். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகி, இருக்கிற ஒட்டலோடு இன்னொரு ஒட்டலைச் சேர்த்துவிடும்.

காக்கா விட்டது சுமார் 50 மில்லி. ஒரு குச்சியை விட்டு எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டார். ஓட்டையைத் துணியால் மூடினார். அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது. ராத்தாவின் மகனுக்கு முகம் வாடிவிட்டது. ஏதோ பெரிய வித்தை நடக்கும் என்று நினைத்திருப்பான். தினமும் குச்சியை விட்டு அளவு பார்க்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தோம்.

எண்ணெய் மட்டம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் ரிங்கைத் தாண்டி எண்ணெய் இறங்குகிறது என்று அர்த்தம். (வால்வு திறந்திருந்தால் அந்த வழியாகவும் வடியும், சைலன்சரில் எண்ணெய் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.) முதல் மூன்று நாள் மட்டம் அசையவில்லை. நான்காம் நாள் பையன் போன் செய்தான், கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று. காக்கா, "இன்னும் ஊற்று, தொடாதே" என்றார்.

இந்த இடத்தில் வெயில் நமக்கு உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பகலில் வெயிலில் வைத்தால் பிஸ்டனும் சிலிண்டரும் வேறு வேறு அளவில் விரிகின்றன. இரவில் குளிரும்போது வேறு வேறு அளவில் சுருங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த இழுபறியில் துருவின் பிடி விரிசல் விடும். அந்த விரிசலில் எண்ணெய் புகும். அதனால் இன்ஜினைக் காலையில் முற்றத்து வெயிலுக்கும் மாலையில் நிழலுக்கும் மாற்றச் சொன்னோம். சிலிண்டரின் வெளிப்பக்கம் மட்டும் வெந்நீர் ஊற்றுவதும் உண்டு. வெளிச்சுவர் முதலில் விரிந்து, உள்ளே பிஸ்டன் சூடாவதற்குள் சற்றே தளரும். அசிட்டோன் கலவை விட்டிருந்தால் வெயிலோ வெந்நீரோ வேண்டாம். எந்தக் கலவையானாலும் கேஸ் நெருப்பு, ஊதுலை, வெல்டிங் விளக்கு எதுவும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது எரியும் எண்ணெய்.

எட்டாம் நாள் காக்கா வந்து, வீலைத் திருப்பும் முன் டேப்பட் மூடியைத் திறந்து வால்வுகளைப் பார்த்தார். இது நான் அறியாத விஷயம். பிஸ்டனைப் போலவே வால்வின் தண்டும் துருவால் பிடித்துத் திறந்த நிலையில் நின்றிருக்கலாம். வால்வு ஹெட்டில் இருக்கும் வகை இன்ஜினில், விடுபட்ட பிஸ்டன் மேலே வந்து அந்த வால்வின் மேல் இடித்தால் வால்வும் புஷ் ராடும் வளைந்துவிடும். ஒரு நோயைத் தீர்த்து இன்னொரு நோயை வாங்கின கதையாகும். அழுத்தினால் வால்வு இறங்கி, விட்டால் ஸ்பிரிங்கில் துள்ளி எழ வேண்டும். இதில் ஒன்று மந்தமாக எழுந்தது. அதன் தண்டுக்கும் எண்ணெய் விட்டு, மெல்ல அழுத்தி அழுத்தி விட்டதும் சரியானது.

அதன் பிறகுதான் வீலின் நட்டில் ஸ்பேனரைப் போட்டார். நட் இறுகும் திசையில் மட்டும், கை பலத்தில் மட்டும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டக் கூடாது. கை பலத்துக்கு மசியாதது குழாய் பலத்தில் உடையும். பின்பக்கம் திருப்ப வேண்டுமானால் வீலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். ஸ்பேனரால் திருப்பினால் நட் கழன்றுவிடும், இறக்கையைப் பிடித்தால் இறக்கை உடையும். முன்னே ஒரு அழுத்தம், பின்னே ஒரு அழுத்தம். எட்டாம் நாள் அசையவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி வெயில்.

பதினோராம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போயிருந்தோம். வீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் காக்கா அழுத்தினார். கோடு ஒரு நூல் நகர்ந்தது. கோடு போட்டிருக்காவிட்டால் நகர்ந்ததே தெரிந்திருக்காது. பையன் கத்திவிட்டான். காக்கா உடனே நிறுத்தி, பின்பக்கம் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு, மறுபடி முன்பக்கம். ஒரு நூல் இரண்டு நூலானது, இரண்டு விரலானது. அசைந்ததும் ஒரே மூச்சில் சுற்றிவிடத்தான் கை துடிக்கும். அப்படிச் சுற்றினால் ரிங்கு தன் முன்னால் இருக்கும் துருவைச் சுரண்டி உருட்டிக்கொண்டு போய் மறுபடி இறுகும், அல்லது ரிங்கு ஒடியும். முழுச் சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்படியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். மேலிருந்து பிஸ்டன் அளவுக்கு ஒரு கடினமான மரக்கட்டையை வைத்து, மரச்சுத்தியலால் மெதுவாகப் பல முறை தட்டுவார்கள். அதிர்வுதான் வேலை செய்யும், பலம் அல்ல. பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் இதைச் செய்யக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அனுபவமுள்ள பட்டறைகளில் வால்வுகள் இரண்டையும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் மரையில் ஒரு இணைப்பை மாட்டி, கிரீஸ் கன்னால் கிரீஸை உள்ளே செலுத்தியும் பிஸ்டனைத் தள்ளுவார்கள். அதன் அழுத்தம் மிக அதிகம், ஆனால் சீராகத் தள்ளும். அதை வீட்டில் முயல வேண்டாம். பஞ்சர் கடைக் காற்றைக் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. காற்று அமுங்கி நின்று திடீரென்று வெடித்துத் தள்ளும். கையோ கண்ணோ போகும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு, அதாவது பழைய டி.வி.எஸ். 50, லூனா போன்றவற்றுக்கு, இதே எண்ணெய் முறை பொருந்தும். ஆனால் அவற்றின் சிலிண்டர் சுவரில் ஜன்னல் போல ஓட்டைகள் இருக்கும். ரிங்கு அதில் மாட்டி ஒடிய வாய்ப்பு அதிகம் என்பதால் தட்டுவதில் இன்னும் நிதானம் தேவை.

விடுபட்ட இன்ஜினை உடனே ஓட்டிப் பார்க்க ஆசை வரும். பொறுக்க வேண்டும். நாம் விட்ட டீசலும் எண்ணெயும் ரிங்கைத் தாண்டிக் கீழே போய் இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கும். அதை வடித்துப் புதிய எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் விடுவித்த இன்ஜினை நாமே மறுபடி பிடிக்க வைத்தவர்களாவோம். எண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளக் இல்லாமல் பல முறை கயிறு இழுத்து மேலே தங்கியிருப்பதையும் வெளியேற்ற வேண்டும். அப்போது பிளக் வயரைத் தள்ளி வையுங்கள், ஒரு பொறி போதும். டேங்கைக் கழுவி, கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சிலிண்டரில் துரு இருந்த இடத்தில் கோடு தெரியும். நகத்தால் தடவினால் நகம் மாட்டாத அளவு என்றால் ஓடி ஓடியே சரியாகலாம். மாட்டினால் லேத் பட்டறையில் ஹோனிங் செய்ய வேண்டும். பள்ளம் ஆழமானால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும். அது செலவுதான், ஆனாலும் புதிய இன்ஜினின் செலவு அல்ல.

முதல் தடவை ஓடும்போது சிலிண்டரில் மிஞ்சிய எண்ணெய் எரிந்து புகை மண்டும். திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். இதை இந்த ஒரு நாளுக்காக மட்டும் சொல்லவில்லை. மழை, புயல் என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கதவடைத்த வராண்டாவிலோ வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜன்னலிலிருந்தும் தள்ளி, வெளியே வையுங்கள்.

ராத்தாவின் பம்பு செட் இப்போது தோட்டத்தில் ஓடுகிறது. கேஸ்கட், பிளக், கார்பரேட்டர் சாமான், எண்ணெய், புதிய கயிறு ஆகியவற்றுக்கு நாம் கொடுத்த தொகை, அவர்கள் மனுவில் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. காக்கா கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாவது இன்ஜின், அதாவது இன்னொரு ஜெனரேட்டர், அப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது நின்று இறுகியது அல்ல. கல்யாண வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கீச்' என்று நின்றது. எண்ணெய் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்த்தோம், நுனியில்கூடப் படவில்லை. எண்ணெய் இல்லாமல் சூடேறினால் அலுமினியப் பிஸ்டன் உருகிச் சுவரில் பூசிக்கொள்ளும். சிறிய இன்ஜின்கள் பலவற்றில் கனெக்டிங் ராடும் அலுமினியம். தனி பேரிங் இல்லாமல் கிராங்கின் மேல் நேராகச் சுற்றுவது. அதுவும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு எண்ணெய் ஊறவைக்கும் வைத்தியம் பலிக்காது. பிரித்துப் பார்த்தபோது ராடு கிராங்கோடு ஒன்றாகிப் போயிருந்தது. பழுது பார்க்கும் செலவைக் கணக்கிட்டு, அந்த மனுவைப் புதிய இன்ஜினுக்கே பரிந்துரைத்தோம். ஓடும்போது நின்றதா, நின்றபின் இறுகியதா என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மனு எழுதும்போது அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

ஓடும் நிலையில் இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் எண்ணெய் குச்சியைப் பாருங்கள். பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு இன்னும் முன்பே, ஏனென்றால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எண்ணெயை நீர்க்க வைக்கும். அந்த வகை இன்ஜினை நிறுத்துவதற்குச் சற்று முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்லது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை கயிறு இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, கை கனக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், உப்புக் காற்று உள்ளே போக வழியில்லை. ராத்தாவின் கணவர் கடைசியாக இன்ஜினை நிறுத்திய நாளில் இதைச் செய்யும் உடல்நிலையில் இல்லை.

இப்போது நமது அலுவலகத்தில் பிளக் ஸ்பேனர், சாக்கெட் செட், மரச்சுத்தியல், கலவை எண்ணெய் ஒரு கேன் ஆகியவை வாங்கி வைத்திருக்கிறோம். பேரேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம். சனிக்கிழமைகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மெக்கானிக் காக்கா அலுவலகத்தில் இருப்பார். இன்ஜினைத் தூக்கி வருபவர்கள் டேங்கில் பெட்ரோலை வடித்துவிட்டுக் கொண்டு வரவும். தூக்க முடியாதவர்கள் தெருவையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தால் இன்ஷா அல்லாஹ் நாங்களே வருகிறோம். அதுவரை யாரும் கயிற்றை இழுக்க வேண்டாம்.